இடுப்பில் பிள்ளை, கையில் பை!

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் போனவர்களுக்குத் தெரியும். அங்கே யாரும் நடப்பதில்லை. கூட்டம்தான் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த நெரிசலில் இடுப்பில் கைக்குழந்தை, தோளில் துணிப்பை, விரலைப் பிடித்தபடி மூன்று வயதுப் பையன் என்று ஒரு தாய் வந்தால் போதும். பக்கத்தில் இருந்து ஒரு குரல் கிளம்பும்.

"ஏம்மா, பச்சப் புள்ளயை எதுக்கும்மா இந்தக் கூட்டத்துல தூக்கிட்டு வர்றே? வீட்ல விட்டுட்டு வரக்கூடாதா?"

கேட்பது சுலபம். யாரிடம் விட்டுவிட்டு வருவது?

மாமியார் ஊரில் இருக்கிறார். பெற்ற தாய் வேறு ஊரில். பக்கத்து வீட்டு அக்கா வேலைக்குப் போகிறார். மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குமாஸ்தா குடும்பம் ஆயா வைத்துக் கொள்ளக் கட்டுப்படியாகுமா? இன்னொன்று, கடைக்கு வந்ததே அந்தப் பிள்ளைக்காகத்தான். காதுகுத்துக்குப் பாவாடை சட்டை, ஒரு ஜோடி கொலுசு. அளவு பார்க்காமல் எப்படி எடுப்பது?

எங்கே பால் கொடுப்பது?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறார்கள் டாக்டர்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பிள்ளை பாலுக்கு அழும். தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, நாலு கடை ஏறி இறங்கி, பில் போட்டு, துணி வாங்கும் கவுண்டரில் கால் கடுக்க நின்று வீடு திரும்ப ஐந்து மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் இரண்டு தடவையாவது பசியாற்றியாக வேண்டும்.

கடைப் பெண்ணிடம் காதோடு காதாகக் கேட்டால், உடுப்புப் போட்டுப் பார்க்கிற அறையைக் காட்டுவாள். அங்கே நிற்கத்தான் இடம். பிள்ளை வாய் வைத்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கதவு தட தட! "சீக்கிரம் வாங்க, ஆள் நிக்குது!" சிலர் மாடிப்படித் திருப்பத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக் கொள்கிறார்கள். வேறு வழியில்லாதவர்கள் கழிப்பறைக்குள் போகிறார்கள். பெரியவர்கள் யாராவது கழிப்பறையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார்களா?

வாசல் வரை வழி உண்டு

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2015 ஆகஸ்டில் அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா, தமிழகம் முழுவதும் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகளைத் திறந்து வைத்தார். நல்ல காரியம். அதில் சில பூட்டிக் கிடந்ததாகப் பிற்பாடு செய்தி வந்தது வேறு கதை. 2021-ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாலத்தை 2023 மே மாதம் திறந்தார்கள். பிள்ளையோடு வருகிறவர்கள் கீழே நசுங்காமல் போக ஒரு வழி பிறந்தது.

கடை வாசல் வரை சரி. உள்ளே?

உள்ளே ஏ.சி. இருக்கிறது, லிப்ட் இருக்கிறது, கொண்டு வந்த பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்க ஆள் இருக்கிறது. பிள்ளைக்குத்தான் இடம் இல்லை. பெரிய மால்களில் பாலூட்டும் அறை உண்டு. ஆனால் ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி வாங்குகிற கூட்டம் வேறு, மாலுக்குப் போகிற கூட்டம் வேறு.

முதலாளிமார்கள் இதைத் தர்மக் கணக்கில் பார்க்க வேண்டாம், லாபக் கணக்கிலேயே பார்க்கட்டும். குழந்தை வீறிட்டு அழுதால் தாய் என்ன செய்வாள்? பிரித்துப் போட்ட பத்துப் புடவையையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து விடுவாள். போனது வியாபாரம்!

அந்த நேரத்தில் கை கொடுப்பது விற்பனைப் பெண்கள்தான். "குடுங்கக்கா, நான் வச்சுக்கறேன். நீங்க பாருங்க" என்று பிள்ளையை வாங்கி விளையாட்டுக் காட்டுகிறார்கள். நாள் பூரா நின்றே வேலை பார்த்த அந்தப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல்தான் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஊழியருக்கு ஒரு முக்காலி போடச் சட்டம் வேண்டியிருந்தது. தாய்க்கு ஒரு நாற்காலி போடவும் சட்டம் வர வேண்டுமா?

அப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. கடை வாசலில் பைகளைக் காவல் காத்துக்கொண்டு செல்போனில் மூழ்கி நிற்பவர்கள், பெரிய பிள்ளையையாவது கையில் பிடித்துக் கொள்ளலாம். தீபாவளிக் கூட்டத்தில் குழந்தைகள் தவறிப் போகாமல் இருக்க, போன் நம்பர் எழுதிய பட்டையைக் கையில் கட்டிவிடுகிறார்கள் தி.நகர் போலீசார். அந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைக்க வீட்டிலேயே முடியாதா? பச்சைப் பிள்ளை கழுத்தில் தங்கச் செயினைப் போட்டுக் கூட்டத்துக்குக் கூட்டி வருவதையும் விட்டுத் தொலைக்கலாம்.

"தி.நகரில் ஒரு சதுர அடி என்ன விலை தெரியுமா சார்?" என்று கடைக்காரர்கள் கேட்கக் கூடும். நியாயம்தான். கேட்பது இரண்டு பீரோ நிற்கிற இடம். ஒரு திரை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, துணி மாற்ற ஒரு சின்ன மேஜை. பட்டுக் கட்டிய பொம்மைகள் வாசலை அடைத்து நிற்க இடம் கிடைக்கும்போது இதற்குக் கிடைக்காதா?

அந்த அறை எந்த மாடியில் இருக்கிறது என்று லிப்ட் பக்கத்தில் ஒரு போர்டும் மாட்டி விடுங்கள். இல்லாவிட்டால் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதையும் தேடி அலைய வேண்டும்.