இல்லறமும் கைத்தொழிலும்

கணவனும் மனைவியும் ஒரு வீட்டில் வாழ்தல் உலகியல். ஒரு தொழிலிலும் உடன் வாழ்தல் அரிது. அங்ஙனம் வாழ்ந்த இருவரைப் பற்றிச் சில கூறி, அவர் வரலாற்றினின்று நமக்குப் புலனாகும் உண்மையொன்றை மாணவ நேயர்முன் வைக்க விரும்புகின்றேன்.

இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அணிகலத் தொழிலாற் பேர்பெற்றது. ஆங்குச் செய்த நகைகளிற் பல இயந்திர அச்சில் அடிக்கப்பெற்றவை. அந்நகரத்துக் கலைப்பள்ளியிற் பயின்றவர் ஆர்தர் காஸ்கின் (1862–1928). அப்பள்ளியிலேயே பயின்ற ஜார்ஜி பிரான்ஸ் (1866–1934) என்னும் அம்மையாரை அவர் 1894-இல் மணந்தார். இருவரும் ஓவியம் வல்லவர். ஆர்தர், வில்லியம் மாரிஸ் நிறுவிய கெல்ம்ஸ்காட் அச்சகத்து நூலுக்குப் படம் வரைந்தவர். அம்மையார் குழந்தைகட்குரிய படநூல்களை இயற்றியவர். 1899-ஆம் ஆண்டில் இருவரும் நகைத்தொழிலிற் புகுந்தனர்.

அச்சிலடித்த நகையில் அவர்கள் மனம் செல்லவில்லை. வெள்ளிக் கம்பியை வளைத்துக் கொடியாக்கினர். சிற்றிலைகளையும் பூக்களையும் அக்கொடியிற் பொடி வைத்து ஊதிப் பொருத்தினர். சந்திரகாந்தம், ஓபல், முத்துச்சிப்பி முதலியவற்றை இடையிடையே பதித்தனர். நகைக்கு மதிப்பைத் தருவது கல்லின் விலையன்று, கையின் திறமே என்பது அவர்தம் செய்கையால் விளங்கிற்று.

எனாமல் வேலையும் அவர்கள் செய்தனர். அஃது எளிதன்று. நிறமேற்றிய கண்ணாடித்தூளை உலோகத்தின்மீது பரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள உலையில் வைத்து உருக்கல் வேண்டும். வெப்பம் குறையின் தூள் உருகிப் படியாது. மிகின் பொடி வைத்த மூட்டுக்கள் இளகிவிடும். ஆதலின் உருவம் வகுப்பவரும் உலை காப்பவரும் ஒருவர் கருத்தை ஒருவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

1903-இல் ஆர்தர் விட்டோரியா தெருவிலுள்ள நகைத்தொழிற் பள்ளியின் தலைவராகி, 1924 வரை அப்பதவியில் இருந்தார். பதவி கணவருடையது, ஆகவே தொழிலும் அவருடையதே, மனைவி உதவிக்கு நின்றவர் என்று பிறர் கருதுவது எளிது. ஆர்தர் இறந்த மறு ஆண்டு, 1929-இல், அம்மையார் ஒரு கடிதத்தில் உண்மையை எழுதி வைத்தார். நகைகளின் உருவம் முழுவதையும் வகுத்தவர் தாமே என்றும், எனாமல் கணவருடையதென்றும், உதவியாளர் துணைக்கொண்டு இருவரும் தம் கையாலேயே வேலை செய்தனரென்றும் அதிற் குறித்தார். கணவரின் பங்கை அவர் மறைக்கவில்லை. தம் பங்கையும் விட்டுவிடவில்லை.

அன்புடையார் இருவர்க்கிடையே பங்கு பிரித்துக் கூறல் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். அவ்விருவர்க்குள் அது வேண்டுவதன்று, ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் உலகத்தார்க்கு அது வேண்டும். பெயர் மறைந்த திறமை பின்வருவோர்க்கு வழிகாட்டாது. உருவம் வகுக்கும் அறிவு ஆடவர்க்கே உரியதென்று ஒரு பெண் கற்பாளாயின், அவள் தன் கையிலுள்ள எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவாள். அக்கடிதம் எழுதப்பெறாதிருந்தால், அந்நகைகளைக் காண்போர் பலர் அவற்றின் அழகை ஆர்தருக்கே உரியதாக்கியிருப்பர்.

நம் நாட்டு நிலைமையும் இதுவே. நெசவாளர் வீட்டில் நூலிழைத்துத் தார் சுற்றுபவள் மனைவி. நெய்தவன் இன்னான் என்று மட்டுமே ஊர் கூறும். குயவர் வீட்டில் மண் பிசைபவள் பெயரைப் பானை வாங்குவோர் கேட்பதில்லை. இவ்வழக்கத்தில் யாருக்கும் தீய எண்ணமில்லை; எண்ணமின்மையே குறை.

கல்லூரியில் ஓவியமும் இசையும் கைவேலையும் கற்ற மாணவியர் பலர் மணமானபின் அவற்றைக் கைவிடுதலைக் காண்கின்றோம். அவர்க்கு நேரமில்லை என்பது ஒரு காரணம். அவர் தொழிலைத் தொழிலென்று யாரும் எண்ணாமை அதனினும் பெரிய காரணம். காஸ்கின் இல்லத்தில் உருவம் வகுத்தல் சமையலுக்குப்பின் எஞ்சிய பொழுதின் விளையாட்டாக இருந்ததில்லை. அதுவே அந்தத் தொழிலின் வேர்.

ஆதலின் பழைய மாணவர்க்கு என் வேண்டுகோள் இது: உம் இல்லத்தரசி கற்ற கலைக்கு வீட்டில் ஒரு மேசையும், நாளில் ஒரு நாழிகையும் ஒதுக்குக. அவர் செய்ததை அவர் பெயராலேயே பிறர்க்குக் காட்டுக. நம் கல்லூரிப் பொருட்காட்சியிலும் இருவர் கூடிச் செய்த பொருளின்மீது இருவர் பெயரும் எழுதப்பெறுக. இதற்குப் பொருட்செலவில்லை, சிறிது நேர்மை போதும்.