முதுமைக்கு ஊன்றுகோல் எது?

விழா மலர்களில் இளமையின் பெருமை பேசுவதே வழக்கம். ஆயின், பழைய மாணவராகிய நம்மிற் பலர்க்கும் தலை நரைத்துவிட்டது. நம்மைப் பெற்றோரோ முதுமையின் எல்லையில் நிற்கின்றனர். ஆதலின், வன்னிநிலத்து முதியோரின் மனநலம் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

இங்கு இன்று எழுபத்தைந்து வயதை எட்டியோர் கண்ட துயரங்கள்தாம் எத்தனை! 1977 ஆம் ஆண்டு வன்செயலால் மலையகத்தை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியோர் உளர். 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்நீரேரியைக் கடந்து வந்தோர் உளர். 2004 மார்கழி 26 ஆம் நாள் முல்லைத்தீவுக் கரையிற் கடல்கோளுக்கு உற்றாரைப் பறிகொடுத்தோர் உளர். 2009 இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் இருந்தோர் எண்ணிலர். அம்முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டது. வீதிகள் வந்தன, வீடுகள் எழுந்தன. மனங்கள் எழுந்தனவா என்று கேட்டவர் சிலரே. அவருள் ஒருவர் மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். வன்னியில் நேர்ந்தது தனியாள் நோய் மட்டுமன்று, ஊரும் உறவும் ஒருங்கே குலைந்த கூட்டு மனவடு என்பது அவர் கருத்து. கூட்டாக உற்ற நோய்க்குக் கூட்டாகவே மருந்து தேடவேண்டுமன்றோ?

"மாதந்தோறும் பணம் அனுப்புகின்றோம், வேறென்ன வேண்டும்?" என்பர் சிலர். இரணைமடுக் குளத்தின் கீழ் ஒருகாலத்தில் வட்டவிதானையாக இருந்த பெரியவர் ஒருவரை யான் அறிவேன். மகன் கடல் கடந்த நாட்டில். வீட்டிலே தொலைக்காட்சியும் உண்டு, சமைத்துக் கொடுக்க ஆளும் உண்டு. அவரோ சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கிடந்தார். நலம் வினவியபோது, "ஒரு குறையுமில்லைத் தம்பி, ஒரு வேலையுமில்லை" என்றார். பின்னொரு சிறுபோகத்தில் வாய்க்கால் முறைபற்றிப் பிணக்குற்ற இளங் கமக்காரர் அவரைத் தேடி வந்தனர். தடியூன்றி வரம்புவரை நடந்தார்; முறையை வகுத்துக் கொடுத்தார். மறுநாள் விடியுமுன் எழுந்துவிட்டார். அவருடைய துயரம் நீங்கிற்றென்று சொல்லேன். துயரத்தைச் சுமக்கும் வலிமை மீண்டது. முதுமைக்கு ஊன்றுகோல் பிறர் காட்டும் இரக்கமன்று. பிறர்க்குத் தாம் வேண்டப்படுகின்றோம் என்னும் உணர்வேயாம்.

இதனை உலகமும் கண்டுகொண்டது. சிம்பாப்வே நாட்டில் மனநல வைத்தியர் டிக்சன் சிபாண்டா 2006 இல் பதினான்கு பாட்டிமாரைப் பயிற்றினார். சிகிச்சை நிலையத்தருகே மரவாங்கிலிருந்து மனம் நொந்தோர் சொல்வதைக் கேட்பதே அவர் பணி. 2016 இல் வெளிவந்த ஆய்வு அம்முறையின் பயனை நிறுவிற்று. முதியோர் அங்கே உதவி பெறுவோராக அல்லர், உதவி செய்வோராகவே அமர்ந்தனர்.

ஒன்றை மறத்தல் கூடாது. 2017 மாசி 20 ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம் தொடங்கினர். மகன் இறந்தான் எனின் அந்தியேட்டி செய்வர். இருக்கின்றான் எனின் சோறு வைத்துக் காத்திருப்பர். இரண்டும் தெளியாத நிலையைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார் அமெரிக்க அறிஞர் போலின் பாஸ். விடை காணாமலே கண்மூடிய பெற்றோர் பலர். "மறந்துவிடு அம்மா" என்பது அத்தாய்மார்க்கு மருந்தாகாது. அது நம் காதை மூடிக்கொள்வதற்கு நாம் சொல்லும் சாட்டு. விடையளிப்பது அரசின் கடன்; அவர் சொல்வதைக் கேட்பது நம் கடன்.

ஆதலின் செய்யத்தக்கன சில உள. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நமக்கு உண்டு. ஆயினும் ஒக்டோபர் முதலாம் நாள் பொன்னாடை போர்த்துவதோடு நம் கடன் தீர்ந்ததென்று எண்ணுகின்றோம். அது போதாது. தவணைக்கொருமுறையேனும் முதியோரைக் கல்லூரிக்கு அழைப்போம். குளங்களின் வரலாறு, வயல்களின் பெயர், வற்றாப்பளைப் பொங்கலின் மரபு, கோவலன் கூத்தின் ஆட்டம் ஆகியவற்றை அவர் சொல்ல, மாணவர் எழுதிக்கொள்ளட்டும். வெளிநாட்டிலுள்ள நண்பர்களே, தொலைபேசியிற் "காசு வந்ததா, மருந்து குடித்தீர்களா" என்பதோடு நில்லாது, "இதற்கு என்ன செய்யலாம், ஐயா?" என்று அறிவுரையும் கேளுங்கள். உறக்கமும் உணவும் ஒழிந்து, உயிரே வெறுத்தவராய் ஒருவர் இருப்பின், "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு முதுமையிலும் வைத்தியத்தால் தீரக்கூடிய நோய். வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கல்லூரி நமக்கு எழுதவும் பேசவும் கற்பித்தது. அதனினும் அரிய கலை, வாயடக்கி ஒருவர் அருகிலிருந்து கேட்பது. சொல்லக் காத்திருப்போர் நெடுங்காலம் காத்திரார். விழாப்பந்தலைப் பிரிக்குமுன் நம் வீட்டுத் திண்ணையிலே அதனைத் தொடங்குவோமாக.