ஆட்டம் ஆடின ஆட்டம்

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு குட்டிப் பொட்டி வருது. இன்டெல் ஆட்டம் டி525. வெறும் 13 வாட்டாம். ராத்திரி பகலா ஓடவிட்டாலும் கரண்டு பில்லே தெரியாதாம். வாங்கிரவா?"

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. இவன் அப்பா, அதாவது எங்க அத்தான், 2012-ல இதே வசனத்தைக் கேட்டு இதே பொட்டியை வாங்கி மூணு வருஷம் அவஸ்தைப்பட்டார். அப்பன் விழுந்த பள்ளத்துல மகனும் விழணுமா? அதான் எழுத உக்காந்துட்டேன்.

2012 தூத்துக்குடி எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டாம். சென்னையில 2 மணி நேரம் கரண்டு கட். எங்களுக்கு பல நாள் 10 மணி நேரத்துக்கும் மேல. இத்தனைக்கும் அனல்மின் நிலையம் எங்க ஊர்லதான் இருக்கு, 210 மெகாவாட் வீதம் 5 யூனிட், மொத்தம் 1050. சாம்பல் எங்களுக்கு, கரண்டு ஊருக்கு! அத்தானுக்குத் துறைமுகத்துப் பக்கம் சின்னதா ஒரு கிளியரிங் ஆபீஸ். கப்பல் காத்திருக்காது. கரண்டு இல்லைன்னு ஷிப்பிங் பில் போடாம இருக்க முடியாது. அதனால இன்வெர்ட்டர், அதனால "கம்மி கரண்டு" கம்ப்யூட்டர்.

கடைக்குப் போனப்ப நானும் கூடத்தான் போனேன். ரெண்டு போர்டு இருந்துச்சு. ஒண்ணு ஆட்டம் டி525. இன்னொண்ணு ஏஎம்டி ஈ-350, 2011 ஜனவரியில வந்தது, ரெண்டாயிரத்துக்குள்ள கூட. கடைக்காரர் ஒரே வரியில முடிச்சார்: "அது 18 வாட், இது 13 வாட். கடிகார வேகமும் அது 1.6, இது 1.8. எதுல சார் லாபம்?" அத்தான் என்னைப் பார்த்து, "கணக்கு சரியாத்தானே மாப்ள இருக்கு?"ன்னார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இந்தப் பிராயச்சித்தம் :-)

முதல்ல அந்த வாட் கணக்கு. பொட்டி மேல போட்டிருக்கிற 13-ம் 18-ம் டிடிபி. சில்லு வெளிவிடுற சூட்டைத் தணிக்க ஹீட்சிங்க் எவ்வளவு தாங்கணும்னு போர்டு செய்யறவனுக்குச் சொல்ற எண். உங்க மீட்டர்ல ஓடப்போற எண் வேற. இந்த விளையாட்டு எவ்வளவு தூரம் போச்சுன்னா, 2008-ல வந்த முதல் டெஸ்க்டாப் ஆட்டம் 230 வெறும் 4 வாட்னு பீத்திக்கிட்டாங்க. அது கூட வந்த 945ஜிசி சிப்செட் மட்டும் 22 வாட்! இன்டெல்லோட அந்தப் போர்டுல ப்ராசஸருக்கு விசிறி கிடையாது, சிப்செட்டுக்குத்தான் விசிறி. மாப்பிள்ளை பட்டினி, மாப்பிள்ளைத் தோழன் மூணு இலை சாப்பிட்ட கதை. டி525 வர்றப்போ அதைச் சரி பண்ணிட்டாங்க, கிராபிக்ஸ், மெமரி கன்ட்ரோலர் எல்லாம் சில்லுக்குள்ளேயே வந்துடுச்சு. அது வரைக்கும் நியாயம்.

சரி, 5 வாட் வித்தியாசம் முழுசா உண்மைன்னே வச்சுக்குவோம். 10 மணி நேரத்துக்கு 50 வாட்-மணி. அத்தான் தலைக்கு மேல சுத்தின சீலிங் ஃபேன் 75 வாட். அது அந்த 50-ஐ நாற்பதே நிமிஷத்துல தின்னுடும். மேஜை மேல இருந்த 17 இன்ச் டப்பா மானிட்டரும் கிட்டத்தட்ட அதே அளவு தின்னுது. வருஷத்துக்கு 300 நாள் போட்டாலும் 15 யூனிட். யூனிட் 5 ரூபாய்னா 75 ரூபாய். இந்த 75 ரூபாய்க்காகத்தான் மூணு வருஷம் மெதுவான மெஷின்!

மெதுவு எவ்வளவுங்கறீங்களா? ஒரு பிரவுசர், ஒரு பிடிஎஃப், பக்கத்துல டாலி. மூணையும் திறந்தா அத்தான் எழுந்து போய் டீ குடிச்சுட்டு வருவார். காரணம் கடிகார வேகத்துல இல்லை. ஆட்டம் உத்தரவுகளை வந்த வரிசையிலேயே செய்யற சாதி. துறைமுக கேட்ல லாரி நிக்கிற மாதிரி வச்சுக்குங்க. முன்னாடி நிக்கிற லாரிக்குத் தாள் வரலைன்னா பின்னாடி எல்லா லாரியும் ஆரன் அடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். ஈ-350-ல, "ஏல, நீ ஓரமா ஒதுங்கு, தாள் ரெடியா இருக்கிறவன் வா"ன்னு ஒரு ஆள் நின்னு அனுப்பற மாதிரி, தயாரா இருக்கிற உத்தரவை முதல்ல முடிச்சிடும். அதனாலதான் 1.6-ல ஓடினாலும் ஒத்தை வேலையில 1.8 ஆட்டத்தை முந்துச்சு. வேலையைச் சீக்கிரம் முடிச்ச சில்லு சீக்கிரம் தூங்கப் போயிடும். அந்த 5 வாட்டுல பாதி இப்படியே கழியும்.

கிராபிக்ஸ் பத்திப் பேசவே வேண்டாம். டி525-ல இருந்தது ஜிஎம்ஏ 3150. ஹெச்டி வீடியோவைப் பிரிக்கிற வேலையை அது கையால தொடாது, பாவம் ப்ராசஸர் தலையிலயே கட்டும். ஈ-350-ல இருந்த ரேடியான் 1080பி படத்தை அலட்டாம ஓட்டும். மெமரியும் ஆட்டத்துல 4 ஜிபியோட எல்லை, அதுல 8.

எங்க ஊர்ல முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு, நான் பார்த்ததில்லை. ஆனா முத்து பிரிச்ச விதம் படிச்சிருக்கேன். ஓட்டை போட்ட பித்தளைத் தட்டுகள்ல சலிச்சு முதல்ல சைஸ் பிரிப்பாங்க. அதோட யாரும் விலை போட்டுட மாட்டாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்து உருட்சி, நிறம், பளபளப்பு பார்த்து ஆணிமுத்தைத் தனியா வச்ச பிறகுதான் பேரம். இவங்க என்னடான்னா சலிச்ச கையோட பில்லைப் போட்டுட்டாங்க.

ஆட்டத்துக்கு நல்லதே இல்லையான்னா, இருக்கு. நாலு திரியும் முழுசா ஓடற வேலை கொடுத்தா ஈ-350-க்கு ரொம்பக் கிட்ட வந்துடும். ஒரு வரிசை அடைச்சா இன்னொரு வரிசையைத் திறந்துவிடற வித்தை அதுக்கு உண்டு. அப்புறம் உப்புக் காத்து. இந்த ஊர்ல எந்தச் சின்ன விசிறியும் ரெண்டு மழைக்காலம் தாண்டினா கரகரங்கும், மூணாவதுல நின்னுடும். ஆட்டம் போர்டுகள் நிறைய விசிறி இல்லாமலேயே வந்துச்சு, ஈ-350-ல பாதிக்கு மேல குட்டி விசிறியோட. உப்பளத்துக்கு நடுவுல ஆபீஸ் வச்சிருந்தா நானே ஆட்டம்தான் சொல்லியிருப்பேன். (விசிறி இல்லாத ஈ-350 போர்டும் இருந்துச்சு, ஆனா விலை கூட.) இன்னொரு வேடிக்கை, 2018-ல மெல்ட்டவுன், ஸ்பெக்டர்னு உலகமே அலறினப்ப இந்தப் பழைய ஆட்டம் மட்டும் தப்பிச்சுது. முன்கூட்டி ஊகிச்சு ஓடற புத்தி இருந்தாத்தானே அதுல மாட்டும்!

ஆனா "வரிசையிலே போறதுதான் சிக்கனம்"னு அஞ்சு வருஷம் சத்தியம் பண்ணின இன்டெல்லே 2013-ல சில்வர்மான்ட்னு புது ஆட்டத்தை, வரிசை மாத்திச் செய்யற சில்லாத்தான் கொண்டு வந்துச்சு. இதுக்கு மேல எனக்கு யார் சாட்சி வேணும்?

இப்ப பையனுக்கு வர்றேன். தம்பி, விண்டோஸ் 11 இது ரெண்டுலயும் ஏறாது. டெபியன் 13, 64-பிட், ரெண்டுலயும் ஏறும். ஆனா யாராவது என்270 போட்ட பழைய நெட்புக்கைத் தலையில கட்டப் பார்த்தா ஓடிரு. அது 32-பிட் மட்டும்தான், 2025-ல வந்த டெபியன் 13-ல அதுக்கு இன்ஸ்டாலரே கிடையாது. பாட்டு, போட்டோ சேமிச்சு வைக்க மூலையில சும்மா கிடக்கணும்னா டி525 போதும், ஆயிரம் ரூபாய்க்கு மேல ஒரு பைசா கொடுக்காத. உக்காந்து வேலை பார்க்கணும்னா ஈ-350. புதுசு வாங்கற வசதி இருந்தா 2023-ல வந்த என்100. அதுலயும் "6 வாட்"னு போட்டிருப்பான், அதை நம்பிப் பொட்டி வாங்காத. விக்கிறவன் உள்ளே பவர் எல்லையை எவ்வளவு வச்சிருக்கான்னு பாரு. 20 வாட்டைத் தாண்டறதும் உண்டு.

இதையெல்லாம் போன்ல சொன்னேன். "மாமா, நீங்கதானே அன்னைக்கு அப்பாகிட்ட தலையாட்டினீங்க?"ன்னான். அக்கா சொல்லிக் கொடுத்திருக்கா. மீளவிட்டான் பக்கம் ஒருத்தர்கிட்ட ஈ-350 போட்ட லேப்டாப் ஒண்ணு கிடக்காம், மூடி கீல் உடைஞ்சிருக்காம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போய்ப் பார்க்கறதா இருக்கோம்.