படம் முடிந்த பிறகு எழ வேண்டிய கேள்வி

புதுதில்லி: திரையைக் கட்டிப் படம் காட்டுவதும், முடிந்ததும் விளக்கைப் போட்டு விவாதிப்பதும் கேரளத்துக்குப் புதிதல்ல. 1984-இல் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா இயக்கம் மக்களிடம் திரட்டிய பணத்தில்தான், வயநாட்டிலிருந்து கொச்சி வரை நீளும் 'அம்ம அறியான்' 1986-இல் உருவானது. தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகமும் அருகருகே உள்ள களமசேரியில், அவ்வாறு கூடிப் பார்க்க வேண்டிய படம் ஒன்று உண்டு: 'ரைட்டிங் வித் ஃபயர்'.

ரிண்டு தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் இயக்கிய இந்த ஆவணப்படம், 2002-இல் உத்தரப் பிரதேசத்தில் தொடங்கப்பட்ட 'கபர் லஹரியா' இதழின் தலித் பெண் நிருபர்களைப் பின்தொடர்கிறது. அச்சு இதழிலிருந்து கைப்பேசிக்கு அவர்கள் மாறிய காலம் அது. 2021-இல் சன்டான்ஸ் விழாவில் இரு விருதுகள். 2022-இல் ஆஸ்கர் பரிந்துரை. ஆனால் ஆஸ்கர் விழாவுக்குச் சில நாள்கள் முன்பு, ஓர் அரசியல் கட்சியைப் பற்றிய செய்தி சேகரிப்பையே படம் முன்னிறுத்துகிறது, எங்கள் பணியின் முழு உருவம் இதுவல்ல என்று அந்த நிறுவனமே அறிக்கை விட்டது. படத்தின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. பிறரைப் பற்றி எழுதியே பழகியவர்கள், தம்மைப் பற்றிப் பிறர் சொல்வதைத் திருத்த முன்வந்தார்கள். திரையிடுவோர் அந்த அறிக்கையையும் சேர்த்தே வாசித்துக் காட்டுவது நியாயம்.

இனி, விளக்கைப் போட்ட பிறகு. விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது 1997-இல். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான மசோதா மக்களவையில் நிறைவேறியது 2012 செப்டம்பர் 3-ஆம் தேதி. நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு அமளியில், விவாதமே இல்லாமல். மாநிலங்களவை ஒப்புதல் தந்தது 2013 பிப்ரவரியில். பதினாறு ஆண்டுகள் காத்திருந்த சட்டத்துக்கு மக்களவை ஒரு மணி நேரத்தைக்கூட ஒதுக்கவில்லை.

சட்டம் நல்ல சட்டம்தான். பணி நிமித்தம் செல்லும் எந்த இடமும் பணியிடமே என்கிறது; ஒப்பந்தப் பணியாளர், தாற்காலிகப் பணியாளர், பயிற்சியாளர் எல்லோரையும் ஏற்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் நிறுவனமானாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் செல்லலாம். ஒரு கைப்பேசியும் இரு சக்கர வாகனமுமாகச் செய்தி சேகரிக்கும் பெண்ணுக்கு இந்தக் குழுவைவிட்டால் வேறு வாசல் குறைவு.

1955-ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அச்சு ஊடகத்தை மட்டுமே கண்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மின்னணு, எண்மிய ஊடகத்தினரையும் பத்திரிகையாளர் என ஏற்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் பத்திரிகைப் பணியே முதன்மைத் தொழில் என்பதையும், ஒரு நிறுவனத்தில் பணியமர்த்தப்பட்டவர் என்பதையும் காட்ட வேண்டும். செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறும் கிராமத்து நிருபர் எந்த ஆவணத்தை நீட்டுவார்?

சட்டம் மட்டும் போதாது என்பதைக் கேரளம் நன்கறியும். கொச்சியில் நடிகை ஒருவர் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து 2017-இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழு, 2019 டிசம்பர் 31-இல் அறிக்கை தந்தது. பல பகுதிகள் நீக்கப்பட்டு அது வெளிவந்தது 2024 ஆகஸ்டில். திரைத்துறைப் பெண்களின் வாக்குமூலங்கள் நாலரை ஆண்டுகள் கோப்பில் உறங்கின. செய்தி அறைகளைப் பற்றி அப்படியொரு குழு அமைந்தால், அறிக்கையை வெளியிடக் கோரித் தலையங்கம் எழுத எத்தனை நாளிதழ்கள் முன்வரும் என்பதும் கேட்கத் தக்கதே. நம் வீட்டுக் கதவு அல்லவா?

திரையிடலிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆவணப்படத்துக்கும் முன்தணிக்கை பொருந்தும் என்பது கே.ஏ.அப்பாஸ் வழக்கில் 1970-இல் முடிவானது. 2017-இல் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு மத்திய அரசு விலக்கு மறுத்தது. நூலக அரங்கில் ஐம்பது பேர் அமர்ந்து பார்ப்பதையும் வணிகத் திரையரங்கையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கலாம்.

களமசேரியில் படம் பார்ப்போருக்கு அதைவிட எளிய கேள்வி ஒன்று உண்டு. எர்ணாகுளம் மாவட்ட உள்ளூர்க் குழுவின் தலைவர் யார், எந்த அலுவலகத்தில் புகார் வாங்குகிறார் என்பதை மாவட்ட ஆட்சியரிடம் கேட்டு, அரங்கின் வாசலிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.