மூலநூலைத் தேடுக

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவருட் சிலர், ஷேக்ஸ்பியரின் நாடகத்தைக் கண்ணாலும் காணாது, கடையில் விற்கும் குறிப்புரையை மட்டும் உருப்போட்டுத் தேர்வெழுதச் செல்கின்றனர். மதகில் தெளிந்த நீர் பாய்ந்து வரக் குட்டை நீரை முகந்து குடிப்பதற்கு ஒப்பானது இது.

தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர், சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளோடு ஐரோப்பிய மொழி நூல்களையும் வருவித்துச் சேர்த்தார். 1784-இல் அச்சான ஜான்சன் அகராதி ஒன்று இன்றும் அங்குளது. அன்று மன்னர்க்கு வாய்த்த அவ்வசதி, இணையத்தின் வாயிலாக இன்று உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் எட்டியுள்ளது. அதனைப் பயன்கொள்ளாதிருத்தல் தகுமோ?

ஷேக்ஸ்பியர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1623-இல், அவருடன் நடித்த நண்பர் இருவர் 36 நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டனர். அத்தொகுதியின் படியொன்று ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தை அடைந்தது. பின்னர்க் கைமாறிப் போய், 1906-இல் பலர் உதவிய பொருளால் மீட்கப்பெற்றது. 2013 முதல் அதன் பக்கங்களை நிழற்படங்களாக எவரும் காணலாம். அவற்றுள் ரோமியோ ஜூலியத் நாடகத்துப் பக்கங்களே கைபட்டுத் தேய்ந்துள்ளன. அக்காலத்து இளைஞர் எதனை விரும்பிப் புரட்டினர் என்பதை அத்தேய்மானம் காட்டிவிடுகின்றது! எந்தக் குறிப்புரை இதனைக் கூறும்?

ஹாம்லத் நாடகத்தின் 1603-ஆம் ஆண்டுப் பதிப்பையும் 1623-ஆம் ஆண்டுப் பதிப்பையும் அருகருகே வைத்து நோக்கின், புகழ்பெற்ற தனிமொழியே சொல்லால் வேறுபடக் காணலாம். தமிழ் மாணவர்க்கு இது வியப்பன்று. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு கண்ட பின்னரன்றோ 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார்! அம்முறையே ஆங்கில நூலுக்கும் ஏற்றது.

ஆயினும் இணையத்தில் உள்ளன யாவும் மூலமல்ல. பிறர் தட்டெழுதி இட்ட பிரதிகள் தேடுதற்கும் படித்தற்கும் எளியவை. எப்பதிப்பினின்று எடுத்தவை என்பதைச் சில சொல்லா. ஆதலின் முகப்பேட்டையும் ஆண்டையும் உடைய நூலக நிழற்படத்தை முதலில் நாடுக. பொறி படித்த எழுத்தில் ஓர் இடர் உண்டு. பழைய ஆங்கில அச்சில் 'எஸ்' என்னும் எழுத்து நீண்டு, 'எஃப்' போலவே தோன்றும். கணினி அதனை மாற்றிப் படித்துச் சொல்லையே கெடுத்துவிடும். புள்ளியின்றி எழுதப்பெற்று, ரகரமும் காலும் ஒன்றாய்த் தோன்றும் ஓலையைப் படித்துப் பழகியவர்க்கு இவ்விடர் புதிதன்று. ஐயம் எழுந்தவிடத்துத் தட்டெழுத்தை விடுத்து, நிழற்படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாலே நோக்குக.