மலிவுச் சாப்பாட்டுக்கு யார் காசு கட்டுகிறார்கள்?

நான் ஒரு ஐ.ரி. ஆலோசகர். என் வேலை பெரும்பாலும் வேறு ஊர்களில்தான். போன குளிர்காலம் வட ஒன்ராறியோவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வேலை கிடைத்தது. ஐந்து கிழமை. ஞாயிறு இரவு போய் வெள்ளி பின்னேரம் ரொறன்ரோவுக்குத் திரும்புவேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நான் எழுதப்போகும் கடை எதுவென்று உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்த ஊரில் சீனச் சாப்பாட்டுக்கடை ஒன்றே ஒன்றுதான்.

முதல் நாள், மத்தியானம் எங்கே சாப்பிடலாம் என்று ஒரு தாதியிடம் கேட்டேன். "சைனீஸுக்குப் போங்கள், நாங்கள் எல்லோரும் அங்கேதான் போவோம்" என்றார். கூகிளில் பார்த்தால் 4.7 நட்சத்திரம். ரிவியூக்களில் முக்கால்வாசி ஒரே மூன்று விசயத்தைத்தான் சொல்லின: நல்ல ருசி, நிறையச் சாப்பாடு, மலிவு.

கடை நீங்கள் நினைக்கிற மாதிரியேதான் இருந்தது. காசு மேசையில் கையாட்டும் பொன்னிறப் பூனை. சிவப்பு ரெக்சின் இருக்கைகள். தட்டுக்குக் கீழே பன்னிரண்டு மிருகங்கள் அச்சடித்த கடதாசி; பிறந்த வருடத்துக்கு எந்த மிருகம் என்று பார்க்கலாம். (நான் 1990, குதிரை.) மெனுவில் ஒரு பக்கம் சீனச் சாப்பாடு, மற்றப் பக்கம் பேர்கரும் கிறில்ட் சீஸும். மத்தியானக் கொம்போ 14.95 டொலர். ஒரு எக் ரோல், கோழி ஃபிரைட் ரைஸ், சிவப்புச் சோஸோடு சிக்கன் போல்ஸ், ஒரு சூப். பாதிதான் என்னால் சாப்பிட முடிந்தது. மிச்சத்தைக் கட்டிக்கொண்டுபோய் இரவுக்கும் சாப்பிட்டேன்.

படம் எடுத்து எங்கள் மச்சான் மச்சாள் குழுவில் போட்டேன். உடனே ஒரு தங்கச்சி எழுதினாள்: "அண்ணா, இது உண்மையான சைனீஸ் இல்லை. வெள்ளைக்காரருக்குச் செய்கிற டுப்ளிகேட்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அதற்குப் பின்னால் நாங்கள் கவனிக்காத இரண்டு பிழையான எண்ணங்கள் இருக்கின்றன.

முதலாவது, "உண்மையான" என்ற சொல். ஸ்கார்பரோவில் வளர்ந்த எங்களுக்கு மிகவும் பிடித்த சீனச் சாப்பாடு எது? ஹக்கா கடைச் சில்லி சிக்கன். அதைக் கொண்டுவந்தவர்கள் கல்கத்தாவில் தலைமுறைகளாக வாழ்ந்து, பிறகு ரொறன்ரோவுக்கு வந்த சீனர்கள். இந்திய நாக்குக்காகப் பச்சைமிளகாயும் இஞ்சியும் உள்ளியும் அள்ளிப் போட்டுச் சமைத்த சாப்பாடு அது. அதை நாங்கள் டுப்ளிகேட் என்று சொல்வதில்லை. சிக்கன் போல்ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது, வேறு நாக்குக்காக. கல்கரியில் 1970களில் ஒரு சீனக்கடையில் பிறந்ததுதான் ஜின்ஜர் பீஃப். நியூஃபவுண்ட்லாந்தில் சோமீன் கேட்டால் நூடில்ஸ் வராது, நீளமாக அரிந்த கோவா வரும். தண்டர் பேயில் போன் போன் ரிப்ஸ் என்று ஒன்று இருக்கிறது, வேறு ஊர்க்காரர் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். இவை எல்லாம் இந்த நாட்டில், கையில் கிடைத்த சாமானை வைத்து, கதவைத் திறந்து வந்த ஆட்களுக்காகச் சமைக்கப்பட்டவை. ஆகவே இவை உண்மையான கனடியச் சாப்பாடுகள்.

அந்தக் கதவுகள் ஏன் இவ்வளவு சின்ன ஊர்களில் எல்லாம் திறந்தன? எங்கள் பள்ளிக்கூடத்தில் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார்கள். கனடிய பசிபிக் ரயில் பாதையின் மேற்குப் பகுதியைக் கட்ட, குவாங்டொங் மாகாணத்திலிருந்து ஆயிரக்கணக்கான சீனர்களைக் கொண்டுவந்தார்கள். பாதை முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே, இனி வருகிற ஒவ்வொரு சீனருக்கும் 50 டொலர் தலைவரி போட்டார்கள். 1900இல் அது 100 டொலர். 1903இல் 500 டொலர். 1923இல் சட்டம் போட்டு வரவையே ஏறக்குறைய முழுதாக நிற்பாட்டினார்கள். 1947 வரை அந்தச் சட்டம் இருந்தது. மனைவி பிள்ளைகளை அழைக்க முடியாமல் எத்தனையோ ஆண்கள் தனியாகவே கிழவர்களானார்கள். அரசாங்கம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2006இல்தான்.

நல்ல வேலைகள் எல்லாம் அவர்களுக்கு மூடியிருந்தன. சலவைக்கடையும் சாப்பாட்டுக்கடையும்தான் மிச்சம். அதையும் நிம்மதியாக நடத்த விடவில்லை. சஸ்கச்சுவானில் 1912இல் ஒரு சட்டம் வந்தது: சீனர்கள் தங்கள் கடையில் வெள்ளைக்காரப் பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது. மூஸ் ஜோ நகரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த குவோங் விங் இந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1914இல் நீதிமன்றம் சட்டம் சரி என்றே சொல்லிவிட்டது. ஒரு சின்ன ஊர்ச் சீனக்கடைக்குள் நுழையும்போது, இந்தக் கதையின் கடைசிப் பக்கத்துக்குள்தான் நுழைகிறோம்.

இரண்டாவது பிழை எனக்குக் கொஞ்சம் கிட்டவானது. அதுதான் "மலிவு."

மூன்றாவது கிழமை அளவில் கடைக்கார அன்ரி என்னோடு கதைக்கத் தொடங்கினார். அறுபது வயது தாண்டியவர். அவரும் கணவரும் 1994இல் வந்து, இந்தக் கடையை ஒரு வயதான சீனத் தம்பதியிடம் வாங்கியவர்கள். அவர் முன்னுக்கு, கணவர் குசினியில். திங்கட்கிழமை மட்டும் பூட்டு. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டேன். காலை பத்துக்கு வந்து இரவு பத்துக்குப் போவோம் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு போகும் என்று கேட்டேன். அறுபது, நல்ல நாளில் கொஞ்சம் கூட என்றார்.

நான் படித்தது பொறியியல். இலக்கம் கிடைத்தால் கை சும்மா இராது. அன்று இரவு ஹோட்டல் அறையில் கணக்குப் பார்த்தேன். இரண்டு பேர், பன்னிரண்டு மணித்தியாலம், ஆறு நாள்: கிழமைக்கு 144 மணித்தியாலம். ஒன்ராறியோவில் 2024 ஒக்டோபரில் அடிப்படைச் சம்பளம் 17.20 டொலராக ஆகியிருந்தது. அவர்கள் இருவரும் வேறு யாரிடமாவது இதே வேலையைச் செய்திருந்தால், மேலதிக நேரக் காசு சேர்க்காமலே கிழமைக்கு 2,477 டொலர் வரவேண்டும். அதை 360 தட்டுக்குப் பிரித்தால் ஒரு தட்டுக்கு ஏறக்குறைய 6.90 டொலர். 14.95 டொலரில் அதைக் கழித்தால் எட்டு டொலர் மிஞ்சும். அந்த எட்டு டொலருக்குள் கோழி, அரிசி, எண்ணெய், காஸ், மின்சாரம், காப்புறுதி, கடை வரி, கார்ட் மெசின்காரரின் பங்கு எல்லாம் அடங்கவேண்டும். அடங்காது.

அடுத்த நாள் அன்ரியிடம் சொன்னேன். சிரித்தார். "நாங்கள் எங்களுக்குச் சம்பளம் போடுவதில்லை. மிஞ்சுவதுதான் சம்பளம்" என்றார்.

அதாவது அந்தத் தட்டின் மிச்ச விலையை யாரோ கட்டுகிறார்கள். நான் இல்லை. எனக்கு நிறுவனம் சாப்பாட்டுக்கென்று ஒரு நாளைக்கு 60 டொலர் தந்தது. செலவழிக்காத காசு என் பொக்கற்றுக்குள் போனது. மலிவான கடை கிடைத்தது என்று நான் சந்தோசப்பட்டதன் அர்த்தம் அதுதான்.

அன்று இரவு அப்பாவுக்கு எடுத்தேன். அப்பா 1988இல் கனடா வந்தவர். ரொறன்ரோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் ஆறு வருடம் கோப்பை கழுவினவர். "கோப்பை கழுவினது" என்ற சொல் எங்கள் வீடுகளில் எல்லாம் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. நானும் கேட்டதில்லை. முதல் தரம் கேட்டேன்.

"மலிவான இடம்தானடா. ஆக்கள் நல்ல சந்தோசமாச் சாப்பிட்டிட்டுப் போவினம். நாங்கள் பின்வாசலால வந்து பின்வாசலால போறனாங்கள்" என்றார். முதலாளி எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். "கெட்ட மனிசன் எண்டு சொல்லேலாது. அவருக்கும் ஒண்டும் மிஞ்சேல்லை. அதால எங்களுக்கும் மிஞ்சேல்லை." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப ஏன் கேக்கிறாய்? சாப்பிட்டிட்டியோ?" என்றார்.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முதல் ஸ்கார்பரோவில் ஒரு தமிழ்க் கடைக்கு நானே இரண்டு நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தேன். ருசியில் குறை இல்லை. கொத்துரொட்டிக்கு இரண்டு டொலர் கூட்டிவிட்டார்கள் என்பதுதான் குற்றம். அதே கிழமை டவுன்டவுனில் நண்பர்களோடு ஒரு இத்தாலியக் கடையில் 29 டொலருக்குப் பாஸ்தா சாப்பிட்டேன். மாவும் தக்காளியும் சீஸும். அதற்கு ஐந்து நட்சத்திரம்.

இது என்னுடைய தனிப்பட்ட குணம் மட்டும் இல்லை. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் உணவு பற்றி ஆராயும் கிருஷ்ணேந்து ராய் 2016இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொல்கிறார். ஒரு சாப்பாட்டுக்கு நாங்கள் எவ்வளவு கொடுப்போம் என்பதை ருசி மட்டும் முடிவு செய்வதில்லை. அதைச் சமைக்கிற சமூகத்தை ஏழையாகப் பார்க்கிறோமா, பணக்காரராகப் பார்க்கிறோமா என்பதும் முடிவு செய்கிறது. இத்தாலியச் சாப்பாடும் ஒரு காலம் ஏழைக் குடியேறிகளின் மலிவுச் சாப்பாடுதான். கொத்து "ஏன் மலிவாக இல்லை" என்று நான் கோபப்பட்டபோது, எங்கள் ஆட்களின் உழைப்பு மலிவாகத்தான் இருக்கவேண்டும் என்று நானே சொல்லியிருக்கிறேன். கோப்பை கழுவினவரின் மகன்.

நீங்கள் கேட்கலாம்: மலிவாகச் சாப்பாடு கிடைப்பது நல்ல விசயம்தானே? நல்ல விசயம்தான். படிக்கிற காலத்தில் எனக்கும் அதுதான் கைகொடுத்தது. அந்த அன்ரியிடமும் விலையைக் கூட்டலாமே என்று கேட்டேன். "செவ்வாய்க்கிழமை வருகிறவர்களைப் பார்த்தாயா? எல்லாம் பென்சன் எடுக்கிறவர்கள். இரண்டு டொலர் கூட்டினால் அவர்கள் கிழமைக்கு ஒருதரம் வருவதை மாதத்துக்கு ஒருதரம் ஆக்கிவிடுவார்கள்" என்றார். அந்த விலை அவர் யோசித்து வைத்த விலை. தன் ஊருக்கு அவர் செய்கிற ஒரு உதவி. அதை உதவி என்று தெரிந்து வாங்குவது வேறு. அது எனக்கு வரவேண்டிய உரிமை என்று நினைப்பது வேறு.

கடை விற்பனைக்கு இருக்கிறது. இரண்டு வருடமாக ஒருவரும் வாங்கவில்லை. அவருடைய மகன் வன்கூவரில் மென்பொருள் பொறியியலாளர், ஏறக்குறைய என் வயது. கடையை எடுக்கச் சொல்லி அவனிடம் கேட்கவில்லையா என்றேன். "அவன் இங்கே நிற்கக்கூடாது என்றுதானே நாங்கள் இங்கே நின்றோம்" என்றார். அவர் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. களைத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

தம்பிமார், தங்கச்சிமார், இந்தக் கோடையில் நீங்கள் கட்டாயம் எங்கேயாவது காரில் போவீர்கள். வழியில் ஒரு சின்ன ஊரில் இப்படி ஒரு கடை இருக்கும். பேர்கர் கடையைத் தாண்டி அதற்குள் போங்கள். அந்த ஊரில் மட்டும் கிடைக்கிற சாப்பாடு எது என்று கேட்டு வாங்குங்கள். இது உண்மையான சைனீஸா என்று மட்டும் கேட்காதீர்கள். ரிவியூ எழுதினால் மலிவு என்பதை முதல் சொல்லாகப் போடாமல், என்ன சாப்பிட்டீர்கள், எப்படி இருந்தது என்று எழுதுங்கள். டிப்ஸைக் காசாக மேசையில் வையுங்கள், மிச்சம் பிடித்த காசிலிருந்து வையுங்கள். எங்கள் தமிழ்க் கடைகளில் விலை கூடினால், சண்டை பிடிக்க முதல் என்னை மாதிரி ஒருதரம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீட்டில் அப்பாவோ மாமாவோ கோப்பை கழுவினவர் என்றால், அந்தக் கடையில் என்ன நடந்தது என்று ஒருநாள் இருந்து கேளுங்கள்.

நான் அந்தப் பழைய ரிவியூவை அழித்துவிட்டேன். போன சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போய் அப்பாவுக்கும் சேர்த்து இரண்டு கொத்து வாங்கினேன். விலை இன்னும் ஒரு டொலர் கூடியிருக்கிறது.