“சரி சார்” மட்டும் போதுமா?



நட்பு, காதல், ஹாஸ்டல் சாம்பார் பற்றியெல்லாம் இந்த ஆண்டு மலரில் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது விமான ரேடியோவைப் பற்றி. “திண்டுக்கல்லுல ஏர்போர்ட்டே இல்ல, உனக்கு எதுக்குப்பா இது?” என்று சிரிக்க வேண்டாம். நம்ம லேப் வரைக்கும் வருகிற விஷயம் இது.

விமானத்துக்கு ஆபத்தெல்லாம் வானத்தில்தான் என்று நினைக்கிறோம். ஆனால் தரையில் உருண்டு ஓடுபாதைக்குப் போகவே (இதற்கு டாக்ஸியிங் என்று பெயர்) கண்ட்ரோல் டவரின் அனுமதி வேண்டும். அது ரேடியோவில் வருகிறது. சின்னப் பயிற்சி விமானங்களில் அந்த ரேடியோ படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல!

விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில். நாம் கேட்கிற கொடைக்கானல் பண்பலை 100.5-க்குச் சற்று மேலே. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். மலை உச்சியில் நிலையம் இருப்பதால் நம் சமவெளியில் பாட்டு கேட்கிறது. தரையில் நிற்கும் விமானத்துக்கும் டவருக்கும் நடுவே ஒரு ஹேங்கர் குறுக்கிட்டால் குரல் தேய்ந்துவிடும். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் போதுமான கரண்ட் தராமல் போகலாம். பேட்டரியும் வீக் என்றால் ரேடியோ முனகும். இக்னிஷன் வயருக்கு ஷீல்டிங் சரியில்லை என்றால் ஒரே கரகரப்பு. பேசும் பட்டன் அமுங்கியபடி மாட்டிக்கொண்டாலோ அந்த அலைவரிசையே அடைபடும். எல்லோரும் கத்தினாலும் அந்த விமானிக்கு மட்டும் கேட்காது. பட்டன் விடுபடும்வரை அவருடைய ரிசீவர் வேலை செய்யாது.

ரேடியோ சுத்தமாகப் போய்விட்டால் டவரிலிருந்து விளக்கு காட்டுவார்கள். பச்சை விட்டுவிட்டு எரிந்தால் டாக்ஸி போகலாம். சிவப்பு நின்று எரிந்தால் நில். வெள்ளை விட்டுவிட்டு எரிந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பு. ஆக, முழுசாகக் கெட்ட ரேடியோவுக்கு வழி இருக்கிறது. பாதி கேட்கிற ரேடியோதான் ஆளைக் கொல்லும்.

கொன்றும் இருக்கிறது. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவு. கடும் மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். ஜம்போ விமானம். அதே ஓடுபாதையில் எதிரே டாக்ஸி செய்து வருகிறது பான் ஆம் ஜம்போ. கே.எல்.எம். அனுமதி வராமலே ஓடத் தொடங்கிவிட்டது. ‘காத்திருங்கள்’ என்று டவர் சொன்ன அதே நொடியில், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பான் ஆம் சொன்னது. விமான ரேடியோ ஏ.எம். முறையில் இயங்குவது. இருவர் சேர்ந்து பேசினால் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். முக்கியமான எச்சரிக்கை அந்தக் கீச்சொலியில் போயிற்று. அடுத்து பான் ஆம் பேசியதைக் கேட்ட கே.எல்.எம். ஃப்ளைட் என்ஜினியருக்குச் சந்தேகம். ‘அந்த விமானம் இன்னும் விலகவில்லையா?’ என்று கேட்டார். அந்தக் கம்பெனியின் மூத்த பயிற்சியாளரான கேப்டன், விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். என்ஜினியர் மறுபடி வற்புறுத்தவில்லை. 583 உயிர்கள்!

இதற்குப் பிறகுதான் உலகமெங்கும் ரேடியோவில் பேசும் முறையை இறுக்கினார்கள். முக்கியமான உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ரோஜர்’ என்றால் ‘சொன்னது காதில் விழுந்தது’ என்று மட்டுமே அர்த்தம். ‘வில்கோ’ என்றால் ‘புரிந்தது, செய்கிறேன்’. புரியாவிட்டால் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்கத் தனி வாசகமே இருக்கிறது.

தோழர்களே, நம்ம “சரி சார்” இதில் எது? ரோஜரா, வில்கோவா?

மெஷின்ஸ் லேபில் 415 வோல்ட். இங்கிலீஷில் விளக்கம் முடிந்து “புரிஞ்சுதா?” என்று கேட்டதும் முப்பது பேரும் ஒரே குரலில் “சரி சார்!” பாதிப் பேருக்குக் காதில் மட்டும்தான் விழுந்திருக்கும். கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். என் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். வகுப்பில் புரியாததை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. நம்மில் பலருக்கும் இதே நிலைதான். அதனால் நாங்கள்தான் அதிகம் கேட்க வேண்டியவர்கள். ஆனால் அதிகம் பேசாமல் இருப்பதும் நாங்கள்தான்.

என் அம்மா வேலை பார்ப்பது ஸ்பின்னிங் மில்லில். மெஷின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. சூப்பர்வைசர் மூன்று விரல் காட்டினால் அம்மாவும் மூன்று விரல் காட்ட வேண்டும். அப்புறம்தான் மூன்றாம் நம்பர் மெஷினில் கை வைக்கலாம். பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவுக்குத் தெரிந்த ஒழுங்கு டிப்ளமோ படிக்கிற நமக்கு வேண்டாமா?

“திருப்பிச் சொன்னால் மட்டும் போதுமா?” என்று கேட்கலாம். போதாது! 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், ஓடுபாதைக்கு வெளியே நிற்கும் இடம்வரை வரச் சொன்ன உத்தரவைக் கடலோரக் காவல்படை விமானம் சரியாகவே திருப்பிச் சொன்னது. ஆனாலும் ஓடுபாதைக்குள் போய்விட்டது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. அதிலிருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் பயனில்லை. புரிந்ததை நம்ம சொந்த வார்த்தையில், தமிழிலேயே சொல்லிப் பார்க்க வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் மூன்று. லேபில் சுவிட்ச் போடுவதற்கு முன்னால், என்ன செய்யப் போகிறோம் என்று ஒருவராவது தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். “புரியல சார், இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்பவனைப் பார்த்து யாரும், குறிப்பாக சீனியர் அண்ணன்மார்கள், சிரிக்கக் கூடாது. ஆசிரியப் பெருமக்கள் “புரிஞ்சுதா?” என்று கேட்பதோடு விடாமல், “என்ன புரிஞ்சுது, சொல்லு” என்று கேட்க வேண்டும். செலவு ஒரு பைசா கிடையாது. வரும் திங்கட்கிழமை லேபிலேயே ஆரம்பிக்கலாமே!